அகலக்கால்

கால் பெருவிரலின் அடியில், உள்பக்கமாக எலும்பு புடைத்துக்கொண்டு நிற்குமே, அதற்குப் பிரெஞ்சில் 'ஒன்யோன்' என்று பெயர். வெங்காயம் என்று அர்த்தம். விரலிடுக்கில் ஈரமாய், மெத்தென்று வருகிற ஆணிக்கு 'எய் த பெர்த்ரி', அதாவது கௌதாரியின் கண். சாதாரணக் கால் ஆணிக்குக் 'கோர்', கொம்பு. ஆங்கிலக்காரன் 'கார்ன்' என்கிறானே, அதுவும் சோளம் இல்லை. இதே லத்தீன் கொம்புதான் அங்கே போய் நிற்கிறது. நாம் ஆணி என்கிறோம். காய்கறி, பறவை, மாடு, இரும்பு என்று கண்ணில் பட்டதன் பெயரையெல்லாம் காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தத்தில் எல்லா ஊர்க்காரனுக்கும் செருப்பு கடித்திருக்கிறது.

இப்போது இதை எடுத்துக்கொண்டு உட்காரக் காரணம் நம் கடற்கரைச் சாலை. காலையில் வண்டிகளை விடுவதற்கு முன்னால் அங்கே சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். முட்டி தேய்ந்துவிட்டது, நடக்காதீர்கள், சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். பிள்ளை பாரீசிலிருந்து வரும்போது ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்திருப்பான். சைக்கிள் பொருந்திவிடும். ஷூதான் பொருந்தாது. "முசே, அந்தக் காலத்து அகலக் கால் நமக்கு, இந்த ஷூவெல்லாம் ஊசி மாதிரி இருக்கே, எதை வாங்குறது?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் மருத்துவனும் இல்லை, சைக்கிள் பந்தயக்காரனும் இல்லை. ஆனால் பிரெஞ்சு படித்தவன், சைக்கிள் சம்பந்தப்பட்டதை நிறைய வாசித்திருப்பான் என்று ஒரு நம்பிக்கை. அது பொய்யும் இல்லை.

முதலில் நம்பர் விஷயத்தைப் பார்த்துவிடலாம். என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும், ரூ திப்ளெக்ஸ், இப்போதைய நேரு வீதியில் செருப்பு வாங்கப் போனால் 'பொய்ன்த்யூர்' என்ன என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. என் அப்பா தன்னை ஒரு 'கராந்த் தெ', 42, என்பார். பிறகு நிர்வாகம் கை மாறியது. கடைகளில் இங்கிலீஷ் நம்பர் வந்தது. அதே அப்பா 8 ஆகிவிட்டார். "கால் சின்னதாயிடுச்சுடா" என்று சிரிப்பார்.

இந்த இரண்டு எண்களுக்கும் அடியில் இருக்கிற கணக்கு வேடிக்கையானது. பிரெஞ்சுக் கணக்கில் ஒரு நம்பர் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு 'பாரீஸ் புள்ளி' என்று பெயர். 42-ஐ அதால் பெருக்கினால் 28 சென்டிமீட்டர். இங்கிலீஷ் கணக்கில் ஒரு நம்பர் என்பது ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒன்று. குழந்தை அளவு நான்கு அங்குலத்தில் தொடங்கி 13 வரை போய், அப்புறம் பெரியவர்களுக்கு மறுபடி 1-லிருந்து வரும். அப்படி எண்ணிக்கொண்டே போனால் பெரியவர்களின் 8 என்பது சரியாக 11 அங்குலம். சென்டிமீட்டரில் 27.94. ஆக இரண்டு சாம்ராஜ்யங்களும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் என் அப்பாவின் காலை ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த 28 சென்டிமீட்டர் காலின் நீளம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஷூவை எந்த மரக்கட்டையின் மேல் வைத்துத் தைக்கிறார்களோ அந்த அச்சின் நீளம். கால் அதைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும்.

ஆனால் கவனியுங்கள், பாரீஸ் புள்ளியும் பார்லி மணியும் நீளத்தை மட்டும்தான் சொல்கின்றன. அகலம் எங்கே? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அகலத்துக்கு எழுத்து வைத்தார்கள். ஒடுக்கமான காலுக்கு ஏ, பி; அகலத்துக்கு ஈ; இன்னும் அகலம் என்றால் இரண்டு ஈ, மூன்று ஈ. 1920களில் அமெரிக்காவில் சிராக்யூஸ் ஊரில் ஒரு செருப்புக் கடைக்காரர் மகன், சார்லஸ் பிரானாக் என்பவர், காலை வைத்து அளக்கிற ஓர் உலோகத் தட்டு செய்தார். இன்றும் அதே வடிவத்தில் விற்கிறது. அது மூன்றை அளக்கிறது: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் முண்டு வரை, அப்புறம் அகலம். அந்த இரண்டாவது அளவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளுக்கு அதுதான் முக்கியம், பின்னால் வருகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் அகலம் கேட்டால் ஏன் முழிக்கிறார்கள் என்பதற்கு, குமாஸ்தா மூளைக்கு எட்டிய பதில் இதுதான். ஒரு மாடலில் 6 முதல் 11 வரை ஆறு நம்பர் வைத்தால் ஆறு பெட்டி. அரை நம்பரும் வைத்தால் பதினொன்று. நான்கு அகலமும் வைத்தால் நாற்பத்து நான்கு பெட்டி. அது ஒரே மாடல், ஒரே நிறத்துக்கு. எந்தக் கடைக்காரன் அலமாரி வைத்திருக்கிறான்? அதனால் நடுத்தர அகலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அகலக்கால்காரனுக்கு ஒரு நம்பர் பெரிதாய்க் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "போகப் போக இளகிடும் சார்" என்பார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சீருடைக்காரர்களுக்கு பூட்ஸ் வாங்குவதற்கான இண்டென்ட் என் மேசை வழியாகத்தான் போகும். வரிசை எண், பெயர், பதவி, சைஸ். அவ்வளவுதான் கட்டம். அகலத்துக்குக் கட்டம் கிடையாது. பூட்ஸ் வந்த மறுவாரம் சுண்டுவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நான்கு பேராவது வந்து நிற்பார்கள். அதில் கெட்டிக்காரர்கள் பிளேடால் பூட்ஸின் பக்கத்தைக் கீறிவிட்டு, கறுப்பு பாலிஷ் போட்டு மறைத்துக்கொள்வார்கள். பரேடில் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்தப் பிரச்சினை நேற்று முளைத்ததில்லை. ஐரோப்பாவில் சுமார் 1600-க்குப் பிறகு இருநூறு வருஷம் போல, இடது கால் வலது கால் வித்தியாசமே இல்லாமல் இரண்டையும் ஒரே அச்சில் தைத்தார்கள். குதி உயர்ந்த ஷூ நாகரிகமாய் வந்ததும் கட்டைகளை ஜோடியாகச் செதுக்குவது சிரமமாகிவிட்டது என்பது ஒரு காரணம். போடுகிறவன் நடந்து நடந்து தானே இடது வலது ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். 1781-ல் ஹாலந்து நாட்டு உடற்கூறு நிபுணர் பெத்ரூஸ் காம்பர், மிகச் சிறந்த ஷூவின் வடிவம் எது என்று பிரெஞ்சில் ஒரு சிறு நூல் எழுதினார். குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் லாடம் அடிக்க எவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறோம், மனிதன் காலை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்பது அவருடைய ஆதங்கம். அப்புறம் 1858-ல் சூரிச் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மான் மேயர் இன்னும் தெளிவாக ஒன்று சொன்னார். பெருவிரலின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பின்னால் நீட்டினால் அது குதிகாலின் மையத்தில் போய் விழ வேண்டும். ஷூவும் அந்தக் கோட்டுக்கு இணங்கித்தான் இருக்க வேண்டும். முனை நடுவில் கூராக இருக்கிற ஷூவில் அந்தக் கோடு வளைந்துவிடுகிறது. பெருவிரல் சுண்டுவிரலைப் பார்த்துச் சாய்கிறது, அடியில் வெங்காயம் முளைக்கிறது.

மேயர் எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பாரீசில் சைக்கிள் வந்துவிட்டது. மிஷோ என்ற கருமான் பட்டறைக்காரர், 1860களில், முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடலை மாட்டி 'வெலோசிபேத்' விற்றார். 1869 நவம்பரில் பாரீசிலிருந்து ரூவான் வரை 120 கிலோமீட்டருக்கு மேல் பந்தயமும் நடந்தது. ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் பத்தரை மணி நேரத்துக்கு மேல் மிதித்து ஜெயித்தார். மரச் சக்கரம், கல் பதித்த சாலை. அன்று அவர் கால் என்ன பாடு பட்டிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1885-ல் ஸ்டார்லியின் ரோவர் வந்து, செயின் போட்ட இன்றைய உருவம் கிடைத்தது. 1888-ல் டன்லப் காற்று டயர் கண்டுபிடித்தார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டியது பெடலுக்கும் காலுக்கும் இடையில் நடந்தது. நடக்கும்போது குதிகால், பக்கம், விரல் என்று பாதத்தில் பாரம் உருண்டு மாறிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் அப்படி இல்லை. விரல்களுக்குப் பின்னால் சதைப்பற்றாக இருக்கிற முன்பாதம்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, அதே இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு நாலாயிரம் தடவை போல. அங்கே ஐந்து நீள எலும்புகள் விசிறி மாதிரி இருக்கின்றன. மிதிக்கும்போது விசிறி விரிய வேண்டும். ஷூ அதை விரிய விடாவிட்டால் எலும்புகளுக்கு நடுவே ஓடுகிற நரம்பு நசுங்கும். முதலில் மரத்துப்போகும், அப்புறம் நெருப்பை மிதித்த மாதிரி எரியும். மூன்றாம் நான்காம் விரலுக்கு நடுவில் இந்த வலி நிரந்தரமாய்த் தங்கிவிடுவதை பிலடெல்பியா டாக்டர் மார்ட்டன் 1876-ல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அவர் கண்ட நோயாளிகள் சைக்கிள்காரர்கள் அல்லர், ஷூ போட்டவர்கள்.

பந்தயக்காரர்களுக்கு வேறு கவலை. கால் பெடலை விட்டு நழுவக் கூடாது. அதற்கு 'கால்-பியே' வந்தது, பெடலின் முன்னால் இரும்பில் ஒரு கூண்டு, அதில் ஒரு தோல் வார். கால் நுழைத்து, வாரை இழுத்து இறுக்குவார்கள். அந்த வாரிலும் கூண்டிலும் பல காலம் ஒரு பெயர் பொறித்திருந்தது: கிறிஸ்தோஃப். எழேன் கிறிஸ்தோஃப் 1913 டூர் த பிரான்சில் முன்னணியில் இருந்தவர். பிரெனே மலையில் துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. அடுத்தவர் உதவி வாங்கக் கூடாது என்பது சட்டம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தய ஷூவோடு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்து, சேந்த்-மரி-த-காம்பான் கிராமத்துப் பட்டறையில் தன் கையாலேயே ஃபோர்க்கை அடித்துச் சரிசெய்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊத ஒரு பையனை விட்டார் என்று அதற்கு ஒரு தண்டனை வேறு. 1919-ல் டூரின் முதல் மஞ்சள் பனியனைப் போட்டவரும் அவர்தான். ஒரு தடவை கூட டூரை ஜெயிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அன்க்தில், புலிதோர் சண்டைதான் பெரிதாய்த் தெரியும். 1964-ல் இரண்டு பேரும் புய் த தோம் மலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறியதைப் பற்றி வகுப்பே இரண்டு கட்சியாகி நின்றது. கிறிஸ்தோஃபை நான் கண்டுபிடித்தது வெகுநாள் கழித்து, அந்த வார் மூலமாக.

அந்தக் காலப் பந்தய ஷூ மெல்லிய தோல், கறுப்பு, முழுக்கத் துளை போட்டு, முன்பக்கம் விரல் வரை லேஸ். அடியில் பெடலைக் கவ்வுவதற்கு ஒரு கட்டையை ஆணி அடித்துப் பொருத்துவார்கள். ஒன்று சொல்ல வேண்டும், அது தோல். நனையும், இளகும், காலின் வடிவத்துக்கு வரும். அகலக்கால்காரர் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அச்சில் ஏற்றி அகட்டிக்கொள்ளலாம். வெங்காயம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தட்டிக் குழி செய்துகொள்ளலாம். வார்தான் வில்லன். இறுக்கினால் விசிறியை மேலிருந்து அமுக்கும். தளர்த்தினால் கால் நழுவும். கீழே இறங்கவேண்டும் என்றால் குனிந்து கையால் அவிழ்க்க வேண்டும், அவிழ்ப்பதற்குள் விழுந்தவர்கள் உண்டு.

இந்த வாருக்கு முடிவு கட்டியது பனி. நெவேர் நகரத்தில் 'லுக்' என்ற கம்பெனி, பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்து, விழுந்தால் தானே விடுகிற பூட்டுகளைச் செய்துவந்தது. அதை நிறுவிய ழான் பெய்லின் யோசனையே சைக்கிளுக்கும் வந்தது. 1984-ல் பெடல் விற்பனைக்கு வந்தது. குதிகாலை வெளியே திருகினால் கால் விடுபடும். 1985-ல் பெர்னார் இனோ அந்தப் பெடலில்தான் டூரை ஜெயித்தார், அது அவருக்கு ஐந்தாவது. ஆண்கள் டூரைக் கடைசியாக ஜெயித்த பிரெஞ்சுக்காரரும் அவர்தான், நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அது வேறு சோகம். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ, கட்டையை ஷூவின் அடியில் குழிக்குள் ஒளித்து, நடக்கவும் முடிகிற மாதிரிச் செய்தது.

வார் போனதும் அகலக்காலுக்கு விமோசனம் என்றுதானே நினைப்போம்? பாதிதான். புது ஷூவின் அடிப்பாகம் கல் மாதிரி விறைப்பு. அது நல்லதுதான், பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் பரவும். ஆனால் மேல்பாகம் தோல் இல்லை, செயற்கைப் பொருள். அது இளகாது. கடைக்காரரின் "போகப் போக இளகிடும்" இங்கே பச்சைப் பொய். இத்தாலியில் சீதி என்ற பெயர்பெற்ற கம்பெனி 'மெகா' என்று அகல அச்சு ஒன்று போட்டது, ஷிமானோ சில மாடல்களில் அகலம் என்று தனியாகப் போடுகிறது, பெடலில் மாட்டுகிற செருப்பு கூடச் செய்தது. இவையெல்லாம் வந்ததே, வாடிக்கையாளர்களில் பலருக்குக் கால் நுழையவில்லை என்பதால்தான்.

இனி நம் காலுக்கு வருகிறேன். எங்கள் தலைமுறையில் பலர் பத்து வயது வரை வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவர்கள். வெறுங்கால் வளர்ந்தால் விரல்கள் விரிந்து, முன்பாதம் அகலமாகும். அது குறை இல்லை, அதுதான் கால். 1992-ல் மணிப்பால் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இருவர் 2,300 குழந்தைகளின் பாதத்தடத்தை எடுத்துப் பார்த்து எழுதினார்கள். செருப்பே போடாத பிள்ளைகளில் தட்டைப்பாதம் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு, போடுகிறவர்களில் எட்டுக்கு மேல். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். வயதானால் இதற்கு மேல் பாத வளைவு தளர்ந்து கால் நீளமும் அகலமும் கொஞ்சம் கூடும். இருபத்தைந்து வயதில் எடுத்த நம்பரை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை அளந்து பார்க்கலாம்.

புதுச்சேரிக்கு இன்னொரு அகலக்கால் இருந்தது, சின்னப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். யானைக்கால். சாக்கடை ஓரத்து வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று கூடச் சொல்லலாம் போல இருக்கும். கொசு ஒழிப்பு ஆராய்ச்சிக்கென்று 1975-ல் இங்கே மத்திய அரசின் நிறுவனம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் அலுவலகத்துப் பியூன் ஒருவருக்கு, என் அப்பா பாஷையில் 'பிளாந்தோன்', இடது கால் அப்படி. தினமும் அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில்தான் வருவார். இடது பெடலின் மேல் ஒரு சாண் பலகையைப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார், அதன் மேல் பழைய டயர்த் துண்டு. அவருடைய செருப்பைத் தைத்தவர் ஒரு மரத்தடித் தொழிலாளி. சிமெண்ட் பையின் காகிதத்தை விரித்து, அவரை அதன் மேல் நிற்க வைத்து, இடது காலைத் தனியாக, வலது காலைத் தனியாகப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டுக்கு டயரை வெட்டினார். சாயங்காலம் வா, காலையில் கால் சுருங்கியிருக்கும் என்று சொல்லி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பாரீஸ் புள்ளியும் பார்லி மணியும் அந்தத் தொழிலாளிக்குத் தெரியாது. எங்கள் இண்டென்டில் இல்லாத கட்டம் அவருடைய சிமெண்ட் காகிதத்தில் இருந்தது.

அதே வேலையை மருத்துவமாகச் செய்தவர் வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். அவர்களுடைய பாதம் புண்ணாவது நோய்க்கிருமியால் அல்ல. உணர்ச்சி இல்லாததால் கல் குத்துவதும் செருப்பு கடிப்பதும் தெரியாமல், அதே இடத்தில் மிதித்து மிதித்துப் புண்ணாகிறது என்று அவர் காட்டினார். அங்கேயும் காரிகிரியிலும் அவர்களுக்கென்று செருப்பு செய்தார்கள். மேலே மைக்ரோசெல்லுலர் ரப்பர், அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பும், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்னால் வார், ஓர் ஆணி கூடக் கிடையாது, எல்லாம் பசை, தையல். அதுதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு.

என் மைத்துனருக்கு இருபது வருஷமாய்ச் சர்க்கரை. சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள் என்று பளபளப்பாய் ஒரு விளையாட்டு ஷூ வாங்கினார். ஒரு நம்பர் பெரிதுதான், ஆனால் ஒடுக்கம். பத்து நாள் மிதித்தார். பதினோராவது நாள் சாக்ஸைக் கழற்றும்போது அக்காதான் இரத்தத்தைப் பார்த்தாள். சுண்டுவிரல் போய்விட்டது. அதற்கு மேல் ஏறாமல் நின்றது டாக்டர்கள் புண்ணியம். ஆஸ்பத்திரிக் கட்டிலில், "வலியே இல்ல மாமா, வலிச்சாத்தானே தெரியும்?" என்றார். ஐந்து மாதம் கழித்து மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார், வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பில், அகலப் பெடலில். வந்ததும் அக்கா கண்ணாடியை அடியில் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் பார்த்த பிறகுதான் காப்பி.

ஆகவே கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஓட்டும்போது போடுகிற அதே சாக்ஸோடு, காகிதத்தின் மேல் நின்று, உட்கார்ந்து இல்லை, நின்று, இரண்டு காலையும் வரையச் சொல்லுங்கள். கடையில் ஷூவின் உள்ளே இருக்கிற மெத்தையை வெளியே உருவி அதன் மேல் நில்லுங்கள், அல்லது வரைந்த காகிதத்தை அதன் மேல் வையுங்கள். சதை எந்தப் பக்கமாவது வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், விலை பாதி என்றாலும் வேண்டாம். இரண்டு காலில் பெரிய காலுக்கு வாங்க வேண்டும்.

அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஒரு நம்பர் கூட்டாதீர்கள். பிரானாக்கின் இரண்டாவது அளவை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். நீளம் கூடினால் ஷூவின் அகலமான இடம் முன்னால் தள்ளிப் போய்விடும், உங்கள் காலின் அகலமான இடம் ஷூவின் ஒடுக்கத்தில் மாட்டும். பெடலில் பூட்டுகிற ஷூ என்றால் பூட்டும் முன்னால் போய், விரல் நுனியால் மிதிப்பது போல் ஆகி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

நம் வயதுக்குப் பூட்டே எதற்கு என்பது என் கட்சி. கடற்கரையில் துர்மலே கணவாய் இல்லை. இரண்டு பக்கமும் அகலமான தட்டைப் பெடல், அடிப்பாகம் எளிதில் மடங்காத, லேஸ் கட்டுகிற, முன்பக்கம் வட்டமான ஷூ. வெங்காயம் இருக்கிறவர்கள் அந்த இடத்துக்கு நேரே இருக்கிற துளையில் லேஸை விட்டுவிட்டுக் குறுக்கே போகாமல் நேராக மேலே ஏற்றிக் கட்டினால் அழுத்தம் குறையும். முன்பாதம் எரிந்தால் காலை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, பாதத்தின் நடுப்பக்கமாக மிதித்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், எரிச்சலும் குறையும். ஹவாய் செருப்போடு ஓட்டுகிறவர்கள் பலர். அது அகலத்துக்குத் தாராளம், ஆனால் பெடலைச் சுற்றி மடங்கும், நழுவும். பின் வார் இருக்கிற செருப்பு எவ்வளவோ மேல்.

சர்க்கரை இருக்கிறவர்கள் மட்டும் "போட்டுப் பார்த்தேன், கடிக்கவில்லை" என்பதை நம்பாதீர்கள். காலுக்குத் தெரியாது. போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். புது ஷூவை முதல் நாள் பத்து நிமிஷம், கழற்றிச் சிவப்பு இருக்கிறதா பாருங்கள், மறுநாள் இருபது. வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

போன கோடையில் பேரன் வந்திருந்தபோது அவனுடைய பூட்டு ஷூவைக் காட்டினான். உள்ளே துணிப்பட்டியில் எண் 44, அகலத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை. "பரவாயில்லை தாத்தா, எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றான். அவன் மெத்தையை உருவி, பழைய பேப்பரில் அவன் காலை வரைந்து வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் ஒரு பென்சில் தடிமன் வெளியே நின்றது. காகிதத்தை மடித்து அவன் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன், அடுத்த ஜோடி வாங்கும்போது கடைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லி.